நேராகச் செல்லவும்

தாலின் நகரில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில்
மூன்று பிற்பகல்கள் பதிவு செய்தோம்.
மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது துண்டுகள்.
"இருநூறு." "மீட்டரில்." "இடப்புறம்."
மூன்று விதமான "பிறகு".
துண்டுக்கு இவ்வளவு என்று கூலி.
எந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு என்று யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஹாப்சலு நீதிமன்றத்தில் நான் ஏழாவது சாட்சி.
குற்றவாளிக் கூண்டில் இல்லை.
குரலுக்குச் சட்டத்தில் பிரிவே கிடையாது என்று
வழக்கறிஞர் மின்தூக்கியில் சொன்னார், ஆறுதலாக.

ரைவோ லாட்டிக், வல்காவிலிருந்து வந்தவர்.
வேனில் ஒரு குளிர்பதனப் பெட்டி,
தீவில் யாரோ பணம் கட்டிக் காத்திருந்தார்கள்.
மார்ச் கடைசி. இரவு. புதுப் பனி.
வரைபடத்தில் கரையிலிருந்து தீவுக்கு
ஒரு வெள்ளைக் கோடு.
சனவரியில் அது சாலைதான்.
கடல் உறைந்தால் திறப்பார்கள், இளகினால் மூடுவார்கள்.
இந்த ஆண்டு பதினேழாம் தேதி மூடினார்கள்.
கோட்டை யாரும் அழிக்கவில்லை.

தடுப்புக்கட்டை வைத்தோம் என்றது சாலைத் துறை,
தள்ளி வைத்தது மீன்பிடிக்கப் போன எவனோ.
வரைபட நிறுவனம் காணொளியில் பேசியது,
உதடசைந்து மூன்று நொடி கழித்து:
தகவல் தந்தால் திருத்துவோம். தகவல் வரவில்லை.
தவிர, பதினான்காம் பக்கத்தில்
'கண்ணால் காண்பதையே நம்புக' என்றிருக்கிறது,
அதன் கீழே அவர் விரல் 'ஏற்கிறேன்' என்று தொட்டிருக்கிறது.
காப்பீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை,
ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பனிச்சாலையில் இருக்கைப் பட்டை மாட்டக் கூடாது.
உடைந்தால் சட்டென்று வெளியே குதிக்க வேண்டும்,
இங்கே ஓட்டப் பழகும் பிள்ளைக்கும் தெரியும்.
ரைவோ மாட்டியிருந்தார்.
விதியை மீறினார், என்றது ஒரு தரப்பு.
தரை என்றே நம்பினார் பாருங்கள், என்றது மறு தரப்பு.
இருவருக்கும் ஒரே கொக்கி.
பிளாஸ்டிக் பையில் போட்டு, எண் ஒட்டி,
மேசையில் வைத்திருந்தார்கள்.

பிறகு என்னை ஒலிக்கவிட்டார்கள்.
"நேராகச் செல்லவும். பதினொரு கிலோமீட்டர்."
உங்கள் குரல்தானே?
என் குரல்தான்.
நீங்கள் சொன்னதுதானே?
சொன்னேன். ஆனால் "நேராகச் செல்லவும்" செவ்வாய்க்கிழமை சொன்னது,
"பதினொரு" வியாழக்கிழமை.
இரண்டையும் ஒட்டியது நானில்லை.
நீதிபதி எதையோ எழுதி, பின் அடித்தார்.

இடைவேளையில் காப்பி இயந்திரத்தருகே
எனக்குப் பின்னால் வரிசையில் மார்யே லாட்டிக்.
திட்டட்டும் என்று திரும்பி நின்றேன்.
"அன்றைக்கு உங்களுக்குச் சளியா?" என்றார்.
"'நேராக' என்னும்போது மட்டும் மூக்கடைக்கிறது.
அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்:
பாவம், தேன் போட்டு ஒரு தேநீர்கூடக் கொடுக்காமல்
வேலை வாங்கியிருக்கிறார்கள்."
சளிதான், என்றேன். செவ்வாய் முழுக்க.
இயந்திரம் சில்லறையைத் துப்பியது.
குனிந்து பொறுக்கி என் கையில் வைத்தார்.

தீர்ப்பு ஜூனில் தபாலில் வந்தது.
சாலைத் துறைக்கு முப்பது விழுக்காடு.
நிறுவனத்துக்கு இருபத்தைந்து, மேல்முறையீடு செய்கிறார்கள்.
நாற்பத்தைந்து ரைவோவுக்கே.
கூட்டிப் பார்த்தேன். நூறு வந்தது.
எனக்கென்று எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

அன்றிரவு பழைய பட்டியலைத் தேடி எடுத்தேன்,
பென்சிலால் டிக் போட்ட பதினெட்டுத் தாள்கள்.
"படகுத்துறை" இருக்கிறது.
"சுங்கச்சாவடி" இருக்கிறது, இந்த நாட்டில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.
"முடிந்தால் திரும்பி வரவும்" இரண்டு முறை.
"நில்" இல்லை.
கீழிருந்து மேலாகவும் தேடினேன்.

சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்தேன்,
எதிரே ஒலிவாங்கி இருப்பதுபோல் ஒரு சாண் தள்ளி.
மரியாதையாக ஒருமுறை,
மரியாதை இல்லாமல் பலமுறை.
மூக்கடைப்பு இல்லை.
சுத்தமாக வந்தது.